98.6 என்பது காய்ச்சல் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வானொலிக் கட்டுரையில், 'வெளிநாடு போன நம்மவர்கள் ரேடியோவில் பழைய பாட்டைக் கேட்டுக்கொண்டு அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டார்கள்' என்று ஒரு வரி. எழுதியவர் எங்கே நின்று எழுதினாரோ, தெரியாது. நான் 2003 முதல் 2014 வரை சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டராக நின்றவன்.

விடியற்காலையில் லாரியின் பின்னால் ஏறி உட்கார்ந்தால் யாருக்கும் பேசத் தெம்பு இருக்காது. காதில் அந்த ஊர்த் தமிழ் வானொலியான 'ஒலி 96.8' மட்டும். இயர்போன் செருகினால்தான் செல்போனில் எப்.எம். எடுக்கும்; அந்த ஒயர்தான் ஏரியல். ஒரு பக்கம் எனக்கு, மறுபக்கம் பக்கத்து ஆளுக்கு. லாரி குலுங்கினால் அவர் காதிலிருந்து கழன்று விழும். கண்ணைத் திறக்காமலே தடவி எடுத்து மாட்டிக்கொள்வார். பழசும் போடுவார்கள், புதுசும் போடுவார்கள். லீவில் வந்து நான் முணுமுணுத்ததைக் கேட்டு, 'இது என்ன பாட்டு மாமா?' என்றவன் ஊரிலேயே இருக்கும் என் அக்கா மகன்!

ஒரு ராத்திரி நாற்பது நிமிடம் ஒலி நிலையத்துக்குப் போன் அடித்து அடித்து லைன் கிடைத்து, மனைவி பெயரைச் சொல்லிப் பாட்டுக் கேட்டேன். அங்கே ஒன்பதரை, ஊரில் ஏழு. 96.8 திருவாரூர் வரை வராதே! அறையில் இருந்தவரின் போனில் கார்டு போட்டு வீட்டுக்கு அடித்து, என் இயர்போனை அதன் வாயில் வைத்து அழுத்திப் பிடித்தேன். பாட்டு முடிந்ததும், "என்னங்க, தகரத்தை உருட்டுற சத்தம்தான் வந்துச்சு" என்றாள்.

உங்களுக்குத் தெரியாததா? கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்து 1952-ல் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு நின்றுபோன பிறகு, இங்கே வீட்டுக்கு வீடு இலங்கை வானொலியைத்தான் திருகினார்கள். 1957-ல் ஆகாசவாணியே சினிமாப் பாட்டுப் போட விவித் பாரதி என்று தொடங்கிய பிறகும் விடவில்லை. அப்துல் ஹமீதின் குரலுக்காகக் காத்துக் கிடந்த ஊர் இது. உள்ளூரில் உட்கார்ந்து வெளிநாட்டு ரேடியோ கேட்டால் ரசனை, வெளிநாட்டில் உட்கார்ந்து தமிழ் ரேடியோ கேட்டால் தேக்கமா?

துவாஸிலிருந்து நான் எழுதிய இரண்டு கடிதங்களையும் நீங்கள் போடவில்லை. முன்பணம் கட்டிய பொங்கல் மலர் மாசியில் வந்தது. அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. போன வருஷம் 'டாலர் மாப்பிள்ளை' என்று ஒரு துணுக்கு வேறு. சரி, சிரித்துக்கொண்டேன். அந்த டாலரில் பாதி ஏஜெண்டுக்குப் பட்ட கடனுக்குப் போனது துணுக்கில் அடங்காது.

அப்புறம், அதே கட்டுரையில் ஒலியின் அலைவரிசை 98.6 என்று அச்சாகியிருக்கிறது. அது உடம்புச் சூடு சார், தெர்மாமீட்டரில் பார்ப்பது. அடுத்த இதழில் ஒரு மூலையில் 96.8 என்று திருத்தம் போட்டால் போதும். வருத்தமெல்லாம் தெரிவிக்க வேண்டாம், இடம் இருக்காது.

தங்கள் பழைய வாசகன்,
திருவாரூர் மாவட்டம்