நியூட்ரல் வயரைத் தடிப்பாகப் போடச் சொல்வது ஏன்?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மூன்று கட்ட (திரீ பேஸ்) மின்னிணைப்புக்கான வயரிங் செய்யும்போது, நியூட்ரல் வயரை, அதாவது மூன்று கட்டங்களின் மின்னோட்டமும் திரும்பிச் செல்லும் பொது வயரை, மெல்லியதாகப் போட நாங்கள் சம்மதிப்பதில்லை. சில இடங்களில் மற்ற வயர்களைவிடத் தடிப்பானதையே கேட்கிறோம். செலவைக் கூட்டுவதற்காக அவ்வாறு கேட்கவில்லை என்பதை விளக்கவே இம்மடல்.

நமக்கு வரும் மின்சாரம் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு சுற்றாக, செக்கனுக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. பழைய இழைக் குமிழ் அந்த அலையின் வடிவத்திலேயே மின்னோட்டத்தை எடுக்கும். எல்ஈடி குமிழ், கணினி, தொலைக்காட்சி போன்றவற்றுள் பலவற்றில், 230 வோல்ற்று அலை தன் உச்சமான ஏறக்குறைய 325 வோல்ற்றை நெருங்கும் சிறு பொழுதில் மட்டும், உள்ளேயுள்ள கொள்ளளவியை (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்பை) நிரப்புவதற்காக மின்னோட்டம் ஊசிபோலப் பாய்ந்து, மிகுதி நேரம் நின்றுவிடுகிறது.

இவ்வாறு மாறாமல் திரும்பத் திரும்ப வரும் அலையைச் சைன் அலைகளின் (சீராக வளைந்து ஏறி இறங்கும் அலைகளின்) கூட்டாகப் பிரிக்கலாம் என்பதை பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே, 1822இல் வெளியான வெப்பம் பற்றிய தமது நூலில் விளக்கினார். அச்சைன் அலை ஒவ்வொன்றும் 20 மில்லிசெக்கனுக்குள் முழு எண்ணிக்கையான சுற்றுகளை முடித்தாக வேண்டும். இல்லையேல் அடுத்த தடவை வடிவம் மாறிவிடும். ஆகவேதான் 50 ஹேர்ட்ஸின் (செக்கனுக்கு 50 சுற்றின்) முழு மடங்குகள் மட்டுமே தோன்றுகின்றன. அலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்திருப்பதால் இரட்டை மடங்குகள் அற்றுப்போய், 150, 250, 350 ஹேர்ட்ஸ் என ஒற்றை மடங்குகள் மிஞ்சுகின்றன. வீணைத் தந்தியின் மேற்றொனிகளும் (அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகளும்) முழு மடங்குகளே. ஆனால் அங்கு காரணம் வேறு, இரு முனைகளும் கட்டுண்ட தந்தியில் அரையலைகள் முழு எண்ணிக்கையில்தான் அடங்கும். கோயில் மணிக்கு அக்கட்டுப்பாடு இல்லாததால் அதன் மேற்றொனிகள் அப்படி ஒழுங்காக அமைவதில்லை.

நியூட்ரலுக்கு வருவோம். மூன்று கட்டங்களும் ஒன்றுக்கொன்று மூன்றிலொரு சுற்றுப் பிந்தி வருவதால், சுமை சமமாக இருந்தால் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டங்கள் நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துவிடும். அதே பிந்தல் 150 ஹேர்ட்ஸ் அலைக்கு ஒரு முழுச் சுற்றாகிவிடுவதால், அம்மூன்றும் ஒரே நேரத்தில் ஏறி, நியூட்ரலில் ஒன்றாகக் கூடுகின்றன. சுமையைச் சமமாகப் பிரித்திருந்தும் நியூட்ரல் மின்னோட்டம் ஒரு கட்டத்தின் மின்னோட்டத்தைப்போல் 1.7 மடங்கு வரை உயரக்கூடும். நியூட்ரலில் உருகி போடும் வழக்கம் இல்லையாதலால், அது சூடேறுவதை எதுவும் தடுக்காது. இதுவே எங்கள் பெருங்கவலை.

மதிப்பீடு கேட்டு வரும்போது, கடையில் பூட்டவுள்ள குமிழ்கள், கணினிகளின் பட்டியலைத் தயவுசெய்து கொண்டுவாருங்கள். ஏற்கெனவே வயரிங் செய்த கடையாயின், நியூட்ரல் மின்னோட்டத்தை ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டரால் (வயரைக் கவ்விப் பிடித்து, அலையின் வடிவம் எதுவானாலும் சரியாக அளக்கும் மீட்டரால்) அளந்து பார்ப்போம். மலிவான மீட்டர் சைன் அலைக்கென்றே அமைந்ததால், இத்தகைய மின்னோட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும்.

இங்ஙனம்,
கடை நிர்வாகத்தினர்
கல்முனை