கார் ஷெட் பூட்டு: இன்றே ஒரு தடவை பாருங்கள்

தெருக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம். செவ்வாய் இரவு எங்கள் கார் ஷெட்டில் திருட்டு நடந்தது பற்றிப் பலர் விசாரித்தீர்கள், நன்றி. மகனின் சைக்கிளும் டிரில் மெஷினும் போய்விட்டன. வீட்டில் எல்லோரும் நலம். போலீசில் புகார் கொடுத்தாயிற்று.

காலையில் பார்த்தபோது பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டிதான் கதவிலிருந்து பெயர்ந்திருந்தது. நாலு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் அரை அங்குலம்கூட இருக்காது, மரத்தூளோடு தரையில் கிடந்தன. நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கிய நாங்கள் கொண்டியைக் கவனிக்கவே இல்லை.

தயவுசெய்து உங்கள் வீட்டுக் கொண்டியைப் பாருங்கள். கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் முடுக்கச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு ஸ்க்ரூ தலை வெளியே தெரியக்கூடாது. ஷட்டர் என்றால் நடுப்பூட்டோடு விடாமல் இரண்டு ஓரமும் பூட்டுங்கள்.

அப்புறம், ஷெட்டிலிருந்து சமையலறைக்குப் போகும் கதவு. பல வீடுகளில் அதற்கு ஒரு சின்னத் தாழ்ப்பாள்தான். அதையும் வாசற்கதவு மாதிரியே நினையுங்கள். ஏணி, கடப்பாரையை வெளியே போட்டுவைக்க வேண்டாம்.

ஊருக்குப் போகிறவர்கள் காவல் நிலையத்திலும் பக்கத்து வீட்டிலும் நேரில் சொல்லுங்கள். தேதியைக் குழுவில் போட வேண்டாம். இரவில் சத்தம் கேட்டால் தனியாக இறங்காதீர்கள். விளக்கைப் போட்டுவிட்டு 100 அல்லது 112க்கு அழையுங்கள்.

ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்குத் தச்சர் வருகிறார். வேண்டியவர்கள் சொல்லுங்கள், அப்படியே அனுப்பிவைக்கிறேன்.