ரிச்சர்ட்சன் என்றால் துப்பாக்கி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவுக்கு வடக்கே கடல்வழி தேடிப் போனவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஜான் ரிச்சர்ட்சனைப் பொழுதுபோக்காகச் செடிகொடி சேர்த்த ஒரு டாக்டர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அவர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற கதைக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். பல வருஷம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவனுக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில், அது பொழுதுபோக்கு இல்லை. ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் 1787-ல் பிறந்த ரிச்சர்ட்சன், 1807-ல் பிரிட்டிஷ் கடற்படையில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தவர். 1819-ல் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளின் கனடாவின் வடகரையை ஆராயப் போன தரைவழிப் பயணத்துக்கு அவரை அனுப்பியபோது மருத்துவர், இயற்கை ஆய்வாளர் என்று இரண்டு பொறுப்புகளையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இது வழக்கம்தான். மருந்துகளில் பெரும்பாலானவை செடியிலிருந்து வந்ததால், மருத்துவம் படித்தவர்கள் தாவரவியலும் படித்தாக வேண்டும். உடலை அறுத்துப் பார்க்கவும் தெரியும், சாராயத்தில் போட்டுப் பாதுகாக்கவும் தெரியும். கப்பலில் இதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இனி, அந்தச் சாவுகள். அந்தப் பயணத்தில் பட்டினியோடு திரும்பும் வழியில், 1821 அக்டோபரில் ராபர்ட் ஹூட் என்ற இளம் அதிகாரி தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். மிஷேல் என்ற இரோக்குவாப் பழங்குடிப் படகோட்டிதான் கொன்றார் என்று முடிவுகட்டி, மூன்று நாள் கழித்து ரிச்சர்ட்சன் மிஷேலைச் சுட்டார். மிஷேல் கொண்டுவந்து கொடுத்த இறைச்சி மனித இறைச்சியாக இருக்கலாம் என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. உயிரோடு திரும்பிய சாட்சி ஹெப்பர்ன் என்ற மாலுமி ஒருவர்தான். மிஷேல் தரப்பைச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை, வழக்கும் நடக்கவில்லை. ஆகவே ரிச்சர்ட்சன் எழுதியதை அப்படியே நம்பச் சொல்லி நான் வாதாட மாட்டேன். ஆனால் கட்டுரையில் ‘மீட்புக் குழு’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருக்கிறீர்களே, அந்த நவம்பரில் இறைச்சி கொண்டுவந்து ஊட்டிவிட்டு மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றியது பழங்குடித் தலைவர் அகாய்ச்சோ அனுப்பிய ஆட்கள். அந்தப் பெயரையாவது போட்டிருக்கலாம். போன 20 பேரில் 11 பேர் திரும்பவில்லை.

அதே பயணத்தில் அதற்கு முன்பு நடந்த இன்னொன்றைக் கட்டுரை தொடவே இல்லை. வட கனடாவின் காப்பர்மைன் ஆற்றைக் கடக்கப் படகு கிடையாது. பல நாளாகப் பாறையில் ஒட்டியிருக்கும் ஒருவகைக் கல்பாசியைச் சுரண்டி வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தவர்கள் (நாம் பிரியாணியில் போடுகிறோமே, அதற்குத் தூரத்துச் சொந்தம்). ரிச்சர்ட்சன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். இறங்கும்போதே கீழே கிடந்த கத்தியை மிதித்துப் பாதம் எலும்புவரை வெட்டுப்பட்டது. குளிரில் கை மரத்ததும் மல்லாந்து காலால் உதைத்துப் போனார். அக்கரையை நெருங்கும் நேரத்தில் காலும் மரத்து மூழ்கிவிட்டார். கயிற்றைப் பிடித்து இழுத்துப் போட்டு, உடையைக் கழற்றி நெருப்பருகே கிடத்தியபோது, அந்த எலும்புக்கூட்டு உடம்பைப் பார்த்து மற்றவர்கள் ஆடிப்போனார்களாம். கடற்கரையில் சேர்த்த செடிகளையும் கற்களையும் சுமக்க முடியாமல் வழியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அப்படிப்பட்ட ஊருக்கு 1825-ல் மறுபடியும் போனார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இரண்டு பயணங்களின் பலனாக 1829 முதல் 1837 வரை வட அமெரிக்காவின் வடபகுதி விலங்குகளைப் பற்றிய நூல் நான்கு பாகங்களாக வந்தது. பறவைகளுக்கு ஸ்வெய்ன்சன் துணை, பூச்சிகளைக் கிர்பி எழுதினார், பாலூட்டிகளும் மீன்களும் ரிச்சர்ட்சன் பொறுப்பு. கனடாப் புல்வெளியில் வளை தோண்டி வாழும் தரை அணில் ஒன்று இன்றும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

அப்புறம் மீன்கள். 1838-லிருந்து போர்ட்ஸ்மத்துக்கு எதிர்க்கரையில் இருந்த ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையில் அவருக்கு வேலை. உலகம் சுற்றிய கப்பல்கள் கொண்டுவந்த மீன்களை அங்கே உட்கார்ந்து வகைப்படுத்தினார். சீனக் கடல் மீன்களைப் பற்றி எழுதியபோது, கான்டன் துறைமுகத்தில் சீன ஓவியர்கள் வரைந்த படங்களைப் பெரிதும் நம்பினார். மீனைக் கண்ணால் பார்க்காமலே பெயர் வைப்பது ஆபத்தான வேலை. இன்றைய ஆய்வாளர் யாரும் அதற்கு ஒப்ப மாட்டார்.

ஹாஸ்லரில் அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. 1846-ல் அங்கே தாமஸ் ஹக்ஸ்லி என்ற 21 வயது உதவி மருத்துவர் இருந்தார். கூட வந்தவர்கள் எல்லாம் கப்பலேறிப் போக, இவரை மட்டும் காத்திருக்க வைத்திருந்தார்கள். அதிகம் பேசாத பெரியவர் தன்னைக் கவனிக்கவே இல்லை என்று பையன் குமைந்துகொண்டிருந்தான். அறிவியல் வேலைக்கு இடமுள்ள கப்பல் வரட்டும் என்று ரிச்சர்ட்சன்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ராட்டில்ஸ்நேக் கப்பலின் தளபதி ஆள் கேட்டதும் ஹக்ஸ்லியைச் சிபாரிசு செய்தார். ஜெல்லிமீன் ஆராய்ச்சியும், பிற்காலத்தில் டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக மேடையேறிய ஹக்ஸ்லியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தாவரவியலாளர் ஹூக்கரும் எரிபஸ் கப்பலில் தென்துருவம் போகுமுன் இதே ஹாஸ்லரில் இருந்தவர்தான்.

கட்டுரையாளர் இதைத் தொடராக எழுதப்போவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியை 1848-ல் தொடங்கச் சொல்லுங்கள். எரிபஸ், டெரர் கப்பல்கள் தென்துருவக் கடலிலிருந்து கொண்டுவந்த மீன்களைப் பற்றி ரிச்சர்ட்சன் 1844 முதல் 1848 வரை பகுதி பகுதியாக எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் 1845-ல் அதே இரண்டு கப்பல்களோடுதான் ஃபிராங்க்ளின் வடக்கே போய்க் காணாமல்போனார். 1848-ல், 60 வயதில் ரிச்சர்ட்சன், ஜான் ரே என்ற மருத்துவரையும் அழைத்துக்கொண்டு, பழைய நண்பரைத் தேடி மெக்கன்சி ஆற்று வழியாக மறுபடி அந்த வடகடல் கரைக்குப் போனார். ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை