வீடு காலி செய்வதற்கு முன், பக்கத்து வீட்டு அக்காவுக்கு

அக்கா,

ஓசூருக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. மாதக் கடைசியில் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுக்கிறோம். பால்காரம்மா இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார். நீங்களாக என்னைக் கேட்கவில்லை, நானாக வந்து சொல்லவில்லை. நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்.

நேரில் சொல்லலாம்தான். வாசலில் நின்றால் எனக்கு அழுகை வரும், நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் பெரியவன் போனில் வாசித்துக் காட்டுவான். எங்கள் சபைக்காரர்களும் வாசிப்பார்கள். அதனால் சிலதை எழுதாமல்தான் விட வேண்டியிருக்கிறது. மாங்கூழ் கம்பெனி வாசலில் உங்கள் தம்பிக்கு என்ன பேச்சு கிடைத்தது, அதற்காக உங்கள் வீட்டில் என்ன நடந்தது, அதெல்லாம் இங்கே வேண்டாம்.

பாப்பாவுக்கு மூச்சிழுப்பு வந்த அந்த ராத்திரியை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அவர் நைட் ஷிப்ட். ஆம்புலன்ஸ் ஹைவேயில் விபத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். சபையில் இரண்டு பேருக்குப் போன் போட்டேன், "ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்றார்கள். ஜெபித்தும் இருப்பார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு நானும் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து கதவைத் தட்டி, "ஜெபத்தை வண்டியில பண்ணிக்கலாம், எந்திரி" என்றீர்கள்.

உங்கள் தம்பி விடிவதற்குள் மாங்கூழ் கம்பெனி வரிசையில் டோக்கன் வாங்க வேண்டுமென்று வண்டி நிறைய பெங்களூரா மாங்காய் ஏற்றி வைத்திருந்தார். அதை இறக்க நேரமில்லை. லோடோடு கிளம்பினோம். நான் பாப்பாவைத் தோளில் சாய்த்தேன். "சாய்க்காத, நிமிர்த்தி உக்கார வை, மூச்சு வரட்டும்" என்று என் கையிலிருந்து வாங்கி உங்கள் மடியில் உட்கார வைத்தீர்கள். காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தீர்கள். வண்டிக்குள் மாங்காய்ப் பால் வாசனை. நான் வாய்க்குள் ஜெபித்தேன், நீங்கள் தம்பியிடம் தெலுங்கில் வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஆக்சிஜன் வைத்து, மருந்துப் புகை பிடித்து, விடியும்போது பாப்பா தண்ணீர் கேட்டாள். அதற்குள் கம்பெனி வரிசை எங்கேயோ போய்விட்டது. காத்திருந்து காத்திருந்து காய் வெயிலில் கனிந்து, கேட்ட விலைக்குத் தள்ளினார்கள். நான் கொண்டுவந்த பணத்தை நீங்கள் தொடக்கூட இல்லை.

அப்புறம் நன்றி ஜெபம். எங்கள் சபைப் போதகர் ஐயரை வீட்டுக்கு அழைத்து, தெருவையும் கூப்பிட்டு, நான் சாட்சி சொன்னேன். ஒருவரும் இல்லாத நேரத்தில் கர்த்தர் ஒரு ஆளை அனுப்பினார் என்றேன். நீங்கள் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். போகும்போது வாசலில், "யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்" என்றீர்கள். கேசரியை வாங்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

மன்னியுங்கள் அக்கா. ஆனால் பேரைச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ஜெபக் கூட்டத்தில் உங்கள் பேரை எடுத்தால் தெருவில் அதை வேறு மாதிரி பேசுவார்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் காதுக்கும் போகும். காலம் எப்படி இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அனுப்பினார் என்று சொன்னது எங்கள் வளர்ப்பு. 1895ல் நேதர் என்ற ஜெர்மானிய மிஷனரி கிருஷ்ணகிரிக்கு வந்தார். எங்கள் லுத்தரன் சபை அப்படித்தான் இந்தப் பக்கம் தொடங்கியது. 1904ல் பிளேக் நோயில் இங்கேயே இறந்துபோனார். அவரைக் கர்த்தர் கடல் தாண்டி அனுப்பினார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவரைப் பற்றியும் எனக்கு அப்படியேதான் வாயில் வந்தது. அதை இன்றைக்கும் நம்புகிறேன். உங்களுக்காகக்கூட அதை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது.

ஆனால் நல்ல சமாரியன் கதையை மறுபடியும் வாசித்தேன். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்துவிட்டு ஆசாரியன் விலகிப் போகிறான், லேவியனும் போகிறான். யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன்தான் இறங்கி வந்து காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரக்காரனுக்குக் காசும் கொடுக்கிறான். அவனைத் தேவன் அனுப்பினார் என்று இயேசு அந்தக் கதையில் எங்கேயும் சொல்லவில்லை. அவன் மனம் இரங்கினான், வந்தான், அவ்வளவுதான். நானாத்தான் வந்தேன் என்று நீங்கள் சொன்னதற்கு எங்கள் வேதத்திலேயே இடம் இருக்கிறது அக்கா. உங்கள் தம்பிக்குப் போன லோடையும் நான் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், எல்லோரும் வாசிக்கட்டும்.

நீங்கள் செய்ததும் எனக்கு வலிக்கிறது. கோபம் என்றால் என்னைக் கேட்டிருக்கலாம். தெருவில் சொன்னீர்கள், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. பாப்பா ராகிக் களிக்காகத் தட்டோடு உங்கள் வாசலில் நின்றபோது "அம்மாகிட்ட கேளு" என்று திருப்பி அனுப்பினீர்கள். அவள் என்ன செய்தாள்? அந்த ஒன்றை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. இத்தனைக்கும் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் என் குடங்களை மட்டும் நிரப்பி வைத்துவிடுகிறீர்கள். பேச்சில்லாமல் தண்ணீர் பிடித்து வைக்கிறவரிடம் நான் எப்படிக் கோபப்படுவது? ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்னால் குடித்த நம் ஊர் புளோரைடு தண்ணீரில் பல்லில் கறை ஏறியதென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்பை நான் பார்த்தே எவ்வளவோ நாளாகிறது. பாப்பாவாவது நல்ல பல்லோடு வளரட்டும் என்று முதலில் சொன்னதும் நீங்கள்தான்.

ஓசூரில் பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. இன்ஹேலர் வாங்கி வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரிக்கு வழியும் கேட்டு வைத்திருக்கிறேன். ஜெபிக்கிறேன். இருந்தாலும் பயமாக இருக்கிறது.

சாமான் ஏற்ற உங்கள் தம்பி வண்டியைத்தான் கேட்கப் போகிறேன். வாடகை பேசி, முழுசாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வேண்டாமென்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன். நீங்கள் என்னைத் திட்ட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் வந்து திட்டிவிடுங்கள். பள்ளி விட்டதும் வீட்டில்தான் இருப்பேன்.