காப்பாற்றப்படாதவர்களுக்கும் காவல் தூதர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒவ்வொருவரையும் காக்கக் கடவுள் தந்த வானதூதர்களான காவல் தூதர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த வாசகர் அனுபவங்களை முழுவதும் படித்தேன். விபத்தில் தப்பியவர், தீயிலிருந்து மீண்டவர், மருத்துவர் கைவிட்டபின் பிழைத்தவர் என எல்லாமே உயிர் தப்பிய கதைகள். அவர்கள் சொல்வதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தொடக்கத்திலிருந்து இறப்புவரை மனித வாழ்வைத் தூதர்களின் காவல் சூழ்ந்திருக்கிறது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 336) சொல்கிறது. அதை நம்பித்தான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் தூதர் என்றாலே ஆபத்தில் கைகொடுக்க வருபவர் என்று மட்டும் பேசிப் பழகிவிட்டோம். இழப்பைச் சந்தித்த வீட்டில் இந்தப் பேச்சு எப்படிப் போய் விழுகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி. தம்பியைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். காவல் தூதர் பாடம் நடந்த அன்று மற்ற பிள்ளைகள் சிறகு வைத்துப் படம் வரைந்து கொண்டிருக்க, இவள் பென்சிலைத் தொடவே இல்லை. அருகில் போய் உட்கார்ந்தேன். “டீச்சர், அன்னிக்கு என் தம்பியோட தூதர் தூங்கிட்டாரா?” என்று கேட்டாள். குழந்தைக்குச் சொல்லும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி நகர்ந்துவிடக் கூடாத கேள்வி இது. பெரியவர்கள் பலர் மனதிலும் இதே கேள்விதான் இருக்கிறது, வாய்விட்டுக் கேட்பதில்லை.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சிறையில் இரு படைவீரர்களுக்கு நடுவே, இரு சங்கிலிகளால் கட்டப்பட்டுப் பேதுரு தூங்குகிறார். தூதர் விலாவில் தட்டி எழுப்புகிறார். இடைக்கச்சையைக் கட்டு, மிதியடியைப் போட்டுக்கொள், மேலாடையை அணிந்துகொண்டு என் பின்னால் வா என்கிறார். இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. ஒரு தெருவைக் கடந்ததும் தூதர் போய்விடுகிறார். இந்தப் பகுதியை எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதே அதிகாரம் தொடங்குவதே யோவானின் சகோதரர் யாக்கோபை ஏரோது வாளால் கொன்றான் என்றுதான். யாக்கோபும் இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவர், இயேசு உருமாறிய தாபோர் மலைக்குப் பேதுருவோடு போனவர். ஏன் ஒருவருக்குக் கதவு திறந்தது, ஒருவருக்குத் திறக்கவில்லை? இந்நூலை எழுதிய லூக்கா விளக்கம் சொல்லவே இல்லை. யாக்கோபின் விசுவாசம் குறைந்திருந்தது என்றும் சொல்லவில்லை. நாமும் அப்படிச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, இயேசு கைதாகும் முன் வேண்டிய கெத்சமனி. ஆண்டவரே அங்கே, இந்தத் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று மன்றாடுகிறார். விண்ணகத்திலிருந்து ஒரு தூதர் வந்தார் என்கிறது லூக்கா 22:43. வந்தவர் கிண்ணத்தை எடுத்துவிடவில்லை, அவரை வலுப்படுத்தினார். அடுத்த வசனத்தில் இயேசு இன்னும் உருக்கமாக வேண்டுகிறார், வியர்வை இரத்தத் துளிபோல் விழுகிறது. தூதர் வந்த பிறகும் சிலுவை இருந்தது. பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எலியாவுக்கும் இப்படித்தான். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்திருந்தவரைத் தூதர் தொட்டு எழுப்பிக் கொடுத்தது தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும். ஒருமுறை அல்ல, இருமுறை. நீண்ட பயணம் காத்திருக்கிறது, சாப்பிடு என்கிறார். அவரைக் கொல்வதாகச் சொன்ன அரசி ஈசபேலின் மிரட்டல் அப்படியேதான் இருந்தது. நாற்பது நாள் நடக்கத் தெம்பு மட்டும் கிடைத்தது.

அப்புறம், தூதர்கள் காப்பார்கள் என்ற வாக்குறுதிக்கு நாம் எப்போதும் எடுத்துக்காட்டும் திருப்பாடல் 91ஐ நற்செய்தியில் மேற்கோள் காட்டுபவன், இயேசுவைச் சோதிக்க வந்த அலகை. அவரைக் கோவில் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்கிறான். இயேசு குதிக்கவில்லை. சோதனை முடிந்தபின் அவர் கேட்காமலே தூதர்கள் வந்து பணிவிடை செய்தார்கள் என்கிறார் மத்தேயு.

தூதருக்குப் பெயர் வைத்து அழைப்பதும், இத்தனை பேருக்கு அனுப்பினால் தூதர் நல்ல செய்தி கொண்டுவருவார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இப்போது அதிகமாகிவிட்டது. மிக்கேல், கபிரியேல், இரபேல் தவிர வேறு பெயர் சூட்டுவதை 2001இல் வத்திக்கான் வெளியிட்ட மக்கள் பக்தி முயற்சிகள் பற்றிய வழிகாட்டியே ஊக்குவிக்கவில்லை. காலில் விழுந்த யோவானிடம், நானும் உன்னைப்போல ஒரு பணியாளன், கடவுளை வணங்கு என்று தூதர் தடுத்ததைத் திருவெளிப்பாட்டில் படிக்கிறோமே.

பாட்டிமார் இன்றும் “சம்மனசானவரே” (தூதரே) என்று சொல்லும் காவல் தூதர் ஜெபத்தில் நாம் கேட்பது நான்கு: ஒளி தர, காக்க, நடத்த, ஆள. மற்ற மூன்றையும் விட்டுவிட்டுக் காப்பதை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறோம். கோபத்தில் ஒரு வார்த்தையை விடப்போகும் நொடியில் உள்ளே ஏதோ தடுக்கிறதே, அங்கே தூதரின் துணையை நான் நம்புகிறேன். அது யார் கண்ணிலும் படாததால் பத்திரிகைக்கு எழுதி அனுப்ப முடியாது, அவ்வளவுதான்.

அந்தச் சிறுமியிடம், உன் தம்பியின் தூதர் தூங்கவில்லை என்றேன். இயேசு சொன்ன உவமையில், இறந்த ஏழை இலாசரை ஆபிரகாமின் மடிக்குத் தூதர்கள் கொண்டுபோனதைச் சொன்னேன். அடக்கத் திருப்பலியின் முடிவில், வானதூதர்கள் உன்னை விண்ணகத்துக்கு அழைத்துச் செல்வார்களாக என்று மன்றாடுவதையும் சொன்னேன். “அப்ப அவன் தனியா போகலையா?” என்றாள். இல்லை என்றேன். தம்பியே தூதராக மாறிவிட்டான் என்று அவளிடம் சொல்லவில்லை. ஆறுதலுக்காகப் பலர் சொல்வதுதான், ஆனால் திருச்சபையின் போதனை அது இல்லை. அவன் அவளுடைய தம்பியாகவே உயிர்த்தெழுவான் என்பதுதான் நம் நம்பிக்கை.

அக்டோபர் 2 காவல் தூதர்கள் நினைவுநாள். அந்த மாத இதழில் உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களோடு, வேண்டியும் கிடைக்காமல் போய், அதன்பிறகும் எழுந்து நடக்கத் தெம்பு பெற்றவர்களின் சாட்சியங்களுக்கும் சில பக்கங்கள் ஒதுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்