மாப்ள, நம்ம புவியீர்ப்பு கதை எங்க வந்து நிக்குதுன்னா

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க? அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு தங்கச்சி மெசேஜ் போட்டிருந்துச்சு, சந்தோஷம். இங்க மதுரையில வெயில் மண்டைய பொளக்குது, ராத்திரியில மொட்ட மாடில உக்காந்து நான் பல பிரபஞ்சக் கதைய எழுதிட்டு இருக்கேன், ஒவ்வொரு உலகத்துலயும் ஒரு இயற்பியல் விதி மாறியிருக்கும்ல, ஆமா அதே கதைதான், ஹாஸ்டல்ல நீ கிண்டல் பண்ணுவியே அது.

முதல்ல பேராசப்பட்டுட்டேன். ஒரே உலகத்துல நாலஞ்சு விதிய சேத்து மாத்துனேன், ஒண்ணும் நிக்கல. சரின்னு ஒண்ணே ஒண்ணு மட்டும், தூரம் ரெண்டு மடங்கானா ஈர்ப்பு நாலுல ஒரு பங்குங்கிறத எட்டுல ஒரு பங்குன்னு வச்சு லேப்டாப்ல ஓட விட்டேன், உள்பக்கமா லேசா ஒரு தட்டு தட்டுனதும் கிரகம் சூரியனுக்குள்ள சுருண்டு போய் விழுந்துருச்சு. வெளிய தள்ளுனா ஓடியே போயிருச்சு. அப்புறம் பாத்தா ஏரன்ஃபெஸ்ட்னு ஒரு இயற்பியலாளர் 1917லயே சொல்லி வச்சிருக்காரு, நீளம், அகலம், உயரம்னு மூணோட நிக்காம வெளிக்கு நாலு பரிமாணம் இருந்தா ஈர்ப்பு இப்படித்தான் குறையும், அங்க கிரகமெல்லாம் நெலச்சு சுத்தாதுன்னு. ரெண்டு ராத்திரி தூக்கம் வேஸ்ட்.

அடுத்து, ஐஸ் தண்ணியில முங்குற உலகம். இது ஜாலியா இருந்துச்சு. நன்னாரி சர்பத்துல ஐஸ் அடியில போய் உக்காந்துக்கும், மேல இருக்கிற மொத மடக்கு வெதுவெதுன்னு, ஸ்ட்ரா வச்சிருக்கிறவன் மட்டும் பொழச்சான். ஆனா குளிர் நாட்டு ஏரியெல்லாம் அடியில இருந்து உறைஞ்சு மீன் காலி, அதுக்கு மேல கதை நகரல.

இப்ப எழுதுறதுதான்டா மேட்டர். புவியீர்ப்பு நேரத்துக்கு நேரம் மாறும், காலையில பாதி, சாயங்காலம் முழுசு. கணித மேதை எம்மி நோய்தர் 1918ல நிரூபிச்சாங்கல்ல, விதி காலத்தோட மாறாம இருந்தாத்தான் ஆற்றல் கூடாம கொறையாம இருக்கும்னு, நீ ராத்திரி முழுக்க எனக்கு சொல்லிக் குடுத்தியே. அத அப்படியே திருப்பிப் போட்டேன். காலையில மோட்டார் போட்டு தண்ணிய டேங்க்ல ஏத்து, சாயங்காலம் அதே தண்ணிய டர்பைன் வழியா எறக்கு, போட்டதுல ரெண்டு மடங்கு கரண்ட்டு, உராய்வுல கொஞ்சம் போனாலும் லாபம்தான். எவனுக்கும் ஈபி பில் கிடையாது. ஆனா மேட்டுல டேங்க் வச்சிருக்கிறவன்தான் அங்க ராஜா, பள்ளத்துல இருக்கிறவன் அவங்கிட்ட கையேந்தணும். சண்டை அங்கதான் ஆரம்பிக்குது.

மார்க்கெட் சீன்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. கத்திரிக்கா விக்கிற அக்கா காலையில தட்டுத் தராசுதான் எடுக்கும், சாயங்காலம் ஸ்பிரிங் தராசு. தட்டுன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணாவே மாறும், ஏமாத்த முடியாது, காலை ஈர்ப்புக்கு அளவு குறிச்ச ஸ்பிரிங்ல அரைக் கிலோ காயே சாயங்காலம் ஒரு கிலோன்னு காட்டும். பெண்டுலம் கடிகாரமும் காலையில ஆமையா ஊரும், அதனால ஸ்கூலுக்கு லேட்டா வர்றவனுக்கு அங்க ஒரு நியாயமான சாக்கு இருக்கு.

மாட்டிக்கிட்டது ஒரு எடத்துல. நம்ம ஊரு பையன் அங்க போறான்ல, அவன் ஒடம்பு நம்ம விதியில வளந்தது, சாயங்காலம் அவனுக்கு நம்ம கனம்தான், காலையிலதான் பாதி ஆவான். இப்படி தெனமும் ஏறி எறங்குனா ரத்த அழுத்தம் என்னடா ஆகும், மயங்கி விழுவானா? தங்கச்சி நர்சுதானே, கேட்டு சொல்லு. பொங்கலுக்கு வரும்போது அந்த பழைய மெக்கானிக்ஸ் நோட்டையும் எடுத்துட்டு வா, என் கையெழுத்துல இருக்கிறது எனக்கே புரியல.

உன் மாப்ள