இழுக்காமல் விட்ட கைகளுக்கு நன்றி

அன்புடையீர்,

சைக்கிளிலிருந்து விழுந்த என் மகள் கையை ஊன்றியதில், அவளுடைய ஆள்காட்டி விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு பிசகிவிட்டது. முதலில் போன இடத்தில் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்கள். பிள்ளை துடித்தாள், மூட்டு சேரவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பிசகின விரலை இழுத்தால் சேர்ந்துவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

அன்று இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவருக்குத்தான் முதல் நன்றி. விரலைத் தொடுவதற்கு முன்பே நீங்கள் அவள் கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். "உள்ளங்கையில் இந்தக் குழி முன்னாடியே இருந்ததாம்மா?" என்றீர்கள். விரலடியில் தோல் சின்னதாய் உள்வாங்கியிருந்தது. விரல் லேசாகப் பின்னால் சாய்ந்திருந்ததே தவிரப் பெரிதாகக் கோணவில்லை. அதனால் காயமும் சிறியது என்று நினைத்துவிட்டோம். "இனி யாரும் இழுக்க வேண்டாம்" என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடலே.

வலியில் முனகியவளைச் சமாதானப்படுத்தி, பக்கவாட்டிலும் சாய்வாகவும் எக்ஸ்ரே எடுத்த தம்பிக்கும் நன்றி. அகன்றிருந்த மூட்டு இடைவெளிக்குள் எள்ளளவு எலும்பு ஒன்று தெரிந்தது அந்தப் படங்களில்தான்.

அறுவை மருத்துவர் ஐயா, காகிதத்தில் வரைந்து எனக்குப் புரியவைத்தீர்கள். மூட்டின் அடியில் இருக்கும் தடித்த நார்த்தட்டு கிழிந்து எலும்புகளுக்கு நடுவே புகுந்திருந்தது. எலும்பின் தலையோ, ஒரு பக்கம் விரலை மடக்கும் தசைநாண்கள், மறுபக்கம் ஒரு சிறு தசை என்று இரண்டுக்கும் இடையில், துளையில் மாட்டிய பொத்தான்போலச் சிக்கியிருந்தது. இழுக்க இழுக்க அந்தச் சுருக்கு இறுகத்தான் செய்யும். 1957-லேயே கப்லான் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார் என்றீர்கள். உள்ளங்கைப் பக்கம் விரல் நரம்பு தோலுக்குக் கீழேயே விறைத்து நிற்கும் என்பதால் புறங்கை வழியாகத் திறந்தீர்கள். நார்த்தட்டை நீளவாக்கில் கீறியதும் மூட்டு தானாகச் சேர்ந்தது என்று வெளியே வந்து சொன்னபோது, உங்கள் முகத்திலும் நிம்மதி தெரிந்தது.

விரல் பின்னால் சாயாதபடி பட்டை கட்டி, மூட்டு இறுகிவிடாமல் சீக்கிரமே மடக்கப் பழக்கிய பிசியோதெரபி அக்கா, அவள் அழுத நாள்களில் நீங்களும் கூடவே விரல் மடக்கிக் காட்டினீர்கள்.

நேற்று அவள் பேனா பிடித்து எழுதிய நாலு வரியை இதோடு வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
ஓர் அம்மா